பாய்மரப் படகின் குறுகலான என்ஜின் அறையில் வழக்கமான பராமரிப்பு

என்ஜினோடு வரும் கையேட்டின் படங்களில் எல்லாமே சுலபமாகத் தெரியும். அங்கே என்ஜின் நாலு பக்கமும் வெளிச்சம் விழும் மேடைமேல் நிற்கிறது. படகிலோ அது கேபினுக்கு இறங்கும் படிகளுக்குப் பின்னால், ஒரு பெட்டிக்குள், சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான பாய்மரப் படகுகளில் இருப்பது 10 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள சிறிய டீசல் என்ஜின்தான். அதில் செய்ய வேண்டிய வழக்கமான வேலை எதுவும் கடினமில்லை. கை போகாததுதான் கஷ்டம். அதனாலேயே கைக்கு எட்டும் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அடிக்கடி பார்க்கிறோம், பின்னால் ஒளிந்திருக்கும் இம்பெல்லரையும் (கடல்நீர் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரம்) எக்ஸாஸ்ட் எல்போவையும் (புகைக்குழாயின் வளைவு) வருடக்கணக்கில் தொடுவதில்லை. துறைமுக வாயிலில் என்ஜின் சூடேறி நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை இவைதான்.

ஆகவே வேலைப் பட்டியலை ஆயில், எரிபொருள், குளிர்விப்பு என்று கையேட்டின் வரிசையில் போடாதீர்கள். படகில் எத்தனை திறப்புகள் உண்டோ அந்த வரிசையில் போடுங்கள். ஒரு பலகையைக் கழற்றினால், அந்த வழியாகக் கை எட்டும் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும்.

திறப்புகளைக் கணக்கெடுங்கள்

பொதுவாக மூன்று வழிகள் இருக்கும்: முன்பக்கம் படிகளை எடுத்தால் ஒன்று, பின் கேபின் படுக்கையின் பக்கப் பலகையைக் கழற்றினால் ஒன்று, காக்பிட் (படகை ஓட்டுபவர் உட்காரும் திறந்த பகுதி) இருக்கைக்குக் கீழுள்ள பெட்டிக்குள் இறங்கினால் ஒன்று. சில படகுகளில் காக்பிட் தரையிலும் ஒரு மூடி இருக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, கைபேசியை உள்ளே நீட்டி மெதுவாக வீடியோ எடுங்கள். தலை நுழையாத இடத்தில் கைபேசி நுழையும். பிறகு அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: இந்தத் திறப்பு, இந்தப் பாகம், இந்த சைஸ் ஸ்பேனர், எந்தக் கை. 'எந்தக் கை' என்பதையும் அவசியம் எழுத வேண்டும். இடது கையை மட்டும் விட முடிகிற இடத்தில் வலது கையைத் திணித்து, பாதியில் திரும்ப உருவி, மறுபடி படுக்கும்போதுதான் நேரமும் பொறுமையும் போகின்றன.

கால் அங்குல ராட்செட், ஆடும் முனையுள்ள நீட்டிப்புகள், 8 முதல் 19 மி.மீ. வரை ராட்செட் ரிங் ஸ்பேனர்கள், குட்டை ஸ்க்ரூடிரைவர், நெற்றி விளக்கு, நீண்ட கைப்பிடியுள்ள சிறு கண்ணாடி ஆகியவை இருந்தால் ஏறக்குறைய எல்லாமே முடியும். எந்த ஸ்பேனரும் போகாத ஒரு போல்ட் எல்லா என்ஜினிலும் இருக்கும். அதற்கென்றே ஒரு மலிவான ஸ்பேனரை அறுத்துக் குட்டையாக்கி, அதில் அந்த போல்ட்டின் பெயரை எழுதி வையுங்கள். காந்தக் குச்சி ஒன்றும் தேவை. ஆனால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டைக் காந்தம் பெரும்பாலும் தூக்காது. அதை விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி. நட்டை சாக்கெட்டுக்குள் வைக்கும் முன் சாக்கெட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் நட்டு நிற்கும்.

கை வைப்பதற்கு முன்

என்ஜின் சாவியை எடுத்துவிடுங்கள். பேட்டரி சுவிட்சை அணையுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் பக்கம் ஸ்பேனர் போகும் என்றால் பேட்டரியின் மைனஸ் கேபிளையே கழற்றுவது நல்லது. சில படகுகளில் ஆல்டர்னேட்டர் கேபிள் சுவிட்ச் வழியாகப் போகாமல் நேராக பேட்டரிக்குப் போகும். மோதிரம், கைக்கடிகாரம், உலோக வளையல் எதுவும் வேண்டாம்.

கடல்நீர் உள்ளே வரும் சீகாக்கை (படகின் உடலிலுள்ள அடைப்பு வால்வு) மூடினால், என்ஜின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுங்கள். சீகாக் மூடியிருப்பதை மறந்து என்ஜினைக் கிளப்ப முடியாது. எழுதி ஒட்டும் எச்சரிக்கைச் சீட்டைவிட இது நம்பகமானது.

பில்ஜில், அதாவது படகின் அடித்தளத்தில், தேங்கும் நீரை வெளியேற்றத் தானாக ஓடும் பில்ஜ் பம்ப்பை நிறுத்தி வையுங்கள். சிந்தும் ஆயிலையும் கூலன்ட்டையும் அது கடலில் கொட்டிவிடும். வேலை முடிந்து, பில்ஜைத் துடைத்தபின் மறக்காமல் மீண்டும் போடுங்கள். என்ஜினுக்கு அடியில் ஆயில் உறிஞ்சும் விரிப்பைப் பரப்புங்கள். குழந்தைகளுக்கான டயப்பரும் நன்றாக உறிஞ்சும். விழும் நட்டுகளும் அதிலேயே தங்கும்.

படுத்துக்கொண்டு எட்டும்போது உடல் எடையை எதன்மேல் போடுகிறீர்கள் என்று பாருங்கள். இன்ஜெக்டர் குழாய் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்குப் போவது), ஒயர் கொத்து, ரப்பர் ஹோஸ் இவற்றில் சாய்ந்தால், அப்போது ஒன்றும் தெரியாது. கசிவு பிறகுதான் தெரியும். ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டு அதில் சாயுங்கள். மேல் மூடியைத் திறந்து காற்று வரவிடுங்கள்.

படிகளை எடுத்தால்: பெல்ட், கூலன்ட், கடல்நீர் பம்ப்

சாதாரண ஷாஃப்ட் அமைப்பில் புல்லி இருக்கும் முனைதான் கேபினைப் பார்த்திருக்கும். பெல்ட்டை இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் பலமாக அழுத்தினால் சுமார் 10 மி.மீ. உள்ளே போக வேண்டும். கீழே கறுப்புத் தூள் படிந்திருந்தால் பெல்ட் நழுவுகிறது, அல்லது புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. வெறும் இறுக்கம் அதைச் சரிசெய்யாது. புது பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும். மறுபடி இறுக்க வேண்டும். கூலன்ட் மூடியை என்ஜின் ஆறியபின் மட்டும் திறக்கவும்.

இனி கடல்நீர் பம்ப். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள். சில என்ஜின்களில் பம்ப்பின் மூடி உங்களைப் பார்த்திருக்கும்; சிலவற்றில் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் திரும்பியிருக்கும். இரண்டாவது வகையில் மூடியின் சிறு திருகுகளைக் கண்ணாடியில் பார்த்துத் தடவித் தடவிக் கழற்றுவதைவிட, பம்ப்பைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளையும் ஹோஸ்களையும் கழற்றிப் பம்ப்பையே மேசைக்குக் கொண்டுவருவது விரைவு. திருகு ஒன்றும் தொலையாது, பம்ப்பின் உட்புறத்தையும் ஒழுங்காகப் பார்க்கலாம்.

சீகாக்கை அடைத்து, பம்ப்பின் மூடியைக் கழற்றி, இம்பெல்லரின் இறக்கைகள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே எடுக்க இழுப்பான் கருவி சிறந்தது. இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்ப்பின் வெண்கல விளிம்பில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியே காற்று உறிஞ்சப்பட்டால் பம்ப் தண்ணீரைத் தூக்காது. வேறு வழியில்லை என்றால் முனைகளுக்கடியில் துணி வைத்து நெம்புங்கள்.

எடுத்த இம்பெல்லரின் ஒவ்வொரு இறக்கையின் அடியையும் விரலால் மடக்கிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் குப்பைக்குத்தான். ஓர் இறக்கை காணவில்லை என்றால், புதியதைப் போட்டதோடு வேலை முடியவில்லை. அந்தத் துண்டு தண்ணீர் போகும் திசையில் எங்கோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் அடுத்த வளைவில் அல்லது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் (கடல்நீரால் கூலன்ட்டை ஆற்றும் பாகம்) நுழைவாயிலில். ஹோஸைக் கழற்றித் தேடி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புது இம்பெல்லரோடும் என்ஜின் சூடேறும். காரணம் கண்டுபிடிக்க நாள் முழுக்க ஆகும்.

புது இம்பெல்லரில் கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள். சாதாரண கிரீஸ் நியோபிரீன் ரப்பரை ஊதவைக்கும். இறக்கைகளைச் சுழலும் திசைக்கு எதிராக வளைத்து, திருகியபடியே உள்ளே தள்ளுங்கள். மூடியின் உட்புறத்தில் வட்டப் பள்ளம் விழுந்திருந்தால் திருப்பிப் போடலாம். எழுத்துப் பொறித்த பக்கமாக இருந்தால் முதலில் தட்டையாகத் தேய்க்க வேண்டும். கேஸ்கெட்டை (மூடிக்கு அடியிலுள்ள காகித அடைப்பு) மாற்றுங்கள். பழைய காகிதத்தின் எச்சம் துளிகூட இருக்கக் கூடாது. கையால் சுற்றும் கைப்பிடித் திருகுகளோடு வரும் மூடிகளும் கிடைக்கின்றன. எட்டாத பம்ப்புக்கு அது நல்ல முதலீடு.

பம்ப்பின் அடியில், அது என்ஜினோடு சேரும் இடத்துக்கு முன், ஒரு சிறு துளை இருக்கும். அங்கே உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தாலோ சொட்டினாலோ ஷாஃப்ட் சீல் போய்விட்டது. துளையை அடைத்துவிடாதீர்கள். என்ஜினுக்குள் உப்புநீர் போகாமல் வெளியே வழிவதற்காகவே அந்தத் துளை. சீலை மாற்றுங்கள், தள்ளிப்போட்டால் கீழே இருக்கும் ஸ்டார்ட்டரோ பக்கத்தில் இருக்கும் ஆல்டர்னேட்டரோ உப்பில் ஊறும்.

இம்பெல்லரை வருடம் ஒரு முறை மாற்றுங்கள், தேய்மானம் தெரியாவிட்டாலும். படகு பல மாதம் சும்மா நிற்கும் என்றால் கழற்றி வையுங்கள்; ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இறக்கைகள் திரும்ப நிமிராது. துத்தநாக ஆனோடு (என்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிக்கப்படும் உலோகத் துண்டு) உள்ள என்ஜின் என்றால் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். உலோகத் தொடர்பு துண்டிக்கப்பட்டால் ஆனோடு இருந்தும் பயனில்லை.

பக்கப் பலகை வழியே: ஆயில்

என்ஜினின் அடியிலுள்ள வடிகால் போல்ட்டுக்குக் கீழே பாத்திரம் வைக்க இடமே இருக்காது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக உறிஞ்சி எடுப்பதே நடைமுறை. 10, 15 நிமிடம் என்ஜினை ஓட்டி ஆயிலைச் சூடாக்கி, நிறுத்திச் சில நிமிடம் கழித்துக் கைப்பம்ப் உறிஞ்சியின் மெல்லிய குழாயை விடுங்கள். அடியைத் தொட்டதும் கொஞ்சமே கொஞ்சம் உயர்த்துங்கள். முனை தரையில் அழுந்தினால் உறிஞ்சாது. வந்த அளவை அளந்து பாருங்கள். கையேடு 3 லிட்டர் என்கிறது, வந்தது 2 என்றால் குழாய் உள்ளே மடங்கிப் பக்கவாட்டில் நிற்கிறது. இழுத்து மறுபடி விடுங்கள். அளக்காமல் 3 லிட்டர் புது ஆயிலை ஊற்றினால் அளவு மீறிவிடும்.

ஃபில்டர் கிடைமட்டமாக இருந்தால் தளர்த்தியதும் ஆயில் வழியும். கனமான பிளாஸ்டிக் பையை ஃபில்டர் முழுவதையும் மூடுமாறு போட்டு, பைக்கு மேலேயே பிடித்துக் கையால் சுழற்றுங்கள். முதல் அரைச் சுற்றுக்கு மட்டும் பட்டை ரென்ச் தேவைப்படலாம். வெளியே வந்த ஃபில்டரில் பழைய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். அது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால், ஓட்டிய சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் பில்ஜில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். புது வளையத்தில் ஆயில் தடவி, தொட்டதும் முக்கால் சுற்று, கையால் மட்டும்.

அதே வழியில்: டீசல்

இரண்டு ஃபில்டர்கள். தண்ணீரைப் பிரிக்கும் முதல் ஃபில்டர் எங்காவது சுவரில். நுண்ணிய இரண்டாவது என்ஜின்மேலேயே. முதலாவதன் கிண்ணத்தில் கீழே தெளிவாகத் தண்ணீர் நின்றால் வடித்துவிடுங்கள். கறுப்புக் கூழ் இருந்தால் அது டீசலில் வளரும் நுண்ணுயிர். ஃபில்டரை மாற்றுவதோடு தொட்டியையும் சுத்தம் செய்தாக வேண்டும். முதல் ஃபில்டருக்கு 10 அல்லது 30 மைக்ரான் போதும் என்பதே எங்கள் அபிப்பிராயம். அங்கேயே 2 மைக்ரான் போட்டால் அடைப்பு முழுவதும் கை எட்டும் இடத்திலேயே நடக்கும் என்பது சரிதான்; ஆனால் அலையில் தொட்டி கலங்கும் நாளில் அது மிக விரைவாக அடைத்துக்கொள்ளும்.

ஃபில்டரை மாற்றியபின், டீசல் குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். வரிசை: முதல் ஃபில்டரை டீசலால் நிரப்புங்கள், பிறகு என்ஜின் ஃபில்டரின் மேல் திருகு, பிறகு இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகு. திருகை ஒரு சுற்றுத் தளர்த்தி, டீசலை ஏற்றும் சிறு பம்ப்பின் கை நெம்புகோலை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும் அடித்தபடியே இறுக்குங்கள். நெம்புகோல் எதிர்ப்பே இல்லாமல் தளர்வாக ஆடினால் பம்ப் கெடவில்லை. உள்ளே கேம் உச்சியில் நிற்கிறது. புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, என்ஜின் ஓடும் திசையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினால் நெம்புகோலுக்கு எதிர்ப்பு திரும்பும். எதிர்த்திசையில் சுற்றினால் இம்பெல்லர் இறக்கைகள் தலைகீழாக மடங்கும்.

காற்று எடுக்கும் திருகுகள் சிறியவை, அலுமினிய உடலில் மாட்டியவை. மரை எளிதில் போய்விடும். கசிந்தால் மேலும் இறுக்காமல் செம்பு வாஷரை மாற்றுங்கள்.

இன்னும் கிளம்பவில்லை என்றால் பழைய வகை மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் என்ஜினில் இன்ஜெக்டர் முனை நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றலாம். காமன் ரெயில் என்ஜினில் (மிக உயர்ந்த அழுத்தத்தில், பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) இதை ஒருபோதும் செய்யாதீர்கள்: அந்த அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் செலுத்தும். எந்த என்ஜின் என்று சந்தேகம் இருந்தால் தொட வேண்டாம்.

இந்த நேரத்தில் நடக்கும் பெரிய சேதம் வேறொன்று. என்ஜின் கிளம்பாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போது கடல்நீர் பம்ப்பும் சுற்றுகிறது. தண்ணீர் மஃப்ளரில் (எக்ஸாஸ்ட் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) நிரம்புகிறது. அதை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் புகையின் விசை இல்லை. நிரம்பி வழிந்தால் தண்ணீர் எக்ஸாஸ்ட் வழியே சிலிண்டருக்குள் போகும். எனவே நீண்ட நேரம் ஸ்டார்ட்டரை இயக்கப்போகிறீர்கள் என்றால் சீகாக்கை மூடுங்கள். 10 வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்ற வேண்டாம். இடையே ஸ்டார்ட்டர் ஆறட்டும். என்ஜின் பிடித்த நொடியே சீகாக்கைத் திறக்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும். ஏற்கெனவே பல தடவை முயன்றுவிட்டீர்கள் என்றால் மஃப்ளரின் வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டுத் தொடருங்கள்.

காக்பிட் பெட்டியிலிருந்து

இங்கே தலைகீழாகத் தொங்கித்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். துணைக்கு ஒருவர் வெளியே இருக்கட்டும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். திருகி மாட்டிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், கையேட்டைப் பார்க்கவும். சிலவற்றுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்), சிலவற்றுக்கு என்ஜின் ஆயில். சிறிய கியர்பாக்ஸ் பலவற்றில் மொத்தமே அரை லிட்டருக்குள்தான் பிடிக்கும் என்பதால் சிறு கசிவும் பெரிய விஷயம். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எக்ஸாஸ்ட் எல்போவில்தான் கடல்நீர் சூடான புகையோடு கலக்கிறது. கரி ஒருபக்கம் அடைக்கும், உப்புநீர் மறுபக்கம் அரிக்கும். கறுப்புப் புகை, முழு வேகத்துக்கு ஏறாத என்ஜின், வெளியேறும் தண்ணீர் குறைவது ஆகியவை அறிகுறிகள். ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஹோஸைக் கழற்றி விளக்கடித்துப் பாருங்கள். உள் வாய் கண்ணுக்குத் தெரிகிற அளவு சுருங்கியிருந்தால் கழற்றிக் கரியைச் சுரண்டவும். வெளியே துருக்கறை வழிந்திருந்தால் புதிது வாங்கவும்.

என்ஜின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், கடல்நீர் ஹோஸின் உயரமான வளைவில் சைஃபனை (தண்ணீர் தானாகவே இழுபட்டு ஓடுவதை) உடைக்கும் வால்வு இருக்கும். அதன் வாயில் உப்பு படிந்து ஒட்டிக்கொண்டால், நிறுத்திய என்ஜினுக்குள் கடல் மெதுவாக இறங்கும். மூடியைக் கழற்றி நன்னீரில் கழுவ ஐந்து நிமிடம்.

திரும்பும் வழியில் என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரையும் அழுத்திப் பாருங்கள். டீசல் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும்.

அடுத்த தடவைக்காக

எட்டாத பாகத்தை எட்டும் இடத்துக்குக் கொண்டுவரலாம். ஆயில் ஃபில்டரைச் சுவரில் மாட்ட ஹோஸ் தொகுப்புகள் உண்டு. ஆனால் அந்த ஹோஸ்களும் கசியக்கூடிய இடங்கள் என்பதை ஏற்றுக்கொண்டே மாட்ட வேண்டும். வடிகால் போல்ட்டின் இடத்தில் ஒரு நிரந்தர ஹோஸை மாட்டி, அதன் மூடிய முனையை மேலே கட்டி வைத்தால், உறிஞ்சும் வேலை பாதியாகக் குறையும். டீசலின் முதல் ஃபில்டரை இடம் மாற்றுவது இவற்றிலெல்லாம் சுலபம். எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது, பின் கேபின் பலகையில் கைவிடும் அளவுக்கு ஒரு மூடியை வெட்டுவது. வெட்டும் முன் அந்தப் பலகை வெறும் மறைப்பா, படகின் உடலோடு கண்ணாடி இழை வைத்துப் பிணைத்த தாங்கு சுவரா என்று உறுதி செய்யுங்கள். இரண்டாவது என்றால் வெட்டாதீர்கள்.

ஓட்டிப் பார்த்தல்

பலகைகளை மாட்டாமலேயே கிளப்புங்கள். தளர்ந்த துணி, நீண்ட முடி பெல்ட் பக்கம் போகக் கூடாது. முதல் பார்வை எக்ஸாஸ்ட் வாய்க்கு: தண்ணீர் வருகிறதா. இரண்டாவது, ஆயில் அழுத்த விளக்கு அணைந்ததா. பிறகு நிறுத்தி, நீங்கள் தொட்ட ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைக் காகிதத்தால் சுற்றித் துடையுங்கள். டீசல் கசிவு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் காகிதத்தில் தெரியும். கியரைப் போட்டுச் சுமையோடு 10 நிமிடம் ஓட்டி, மறுபடி துடைத்துப் பாருங்கள். ஆயில் அளவை ஆறியபின் சரிபார்த்து, பில்ஜ் பம்ப்பைப் போட்டு, என்ஜின் ஓடிய மணிநேர எண்ணிக்கையோடு தேதியையும் மாற்றிய பாகங்களின் எண்களையும் அதே நோட்டில் எழுதுங்கள். மாற்றிய இம்பெல்லர், பெல்ட், ஃபில்டர், கேஸ்கெட் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு ஜோடியும், அந்தக் குட்டை ஸ்பேனரும், என்ஜினுக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிய டப்பாவில் இருக்கட்டும்.